ராசம்மாக்காவோடு கிளம்பிய வீடு

என் உடம்பில் பாதி மாடியில் இருந்தது, கமிட்டியின் முன்னால், கையில் அளவு டேப்போடும் பாதி வாக்கியத்தில் நின்றுபோன வாயோடும். மீதிப் பாதி கீழே ராசம்மாக்காவின் மெஸ் சமையலறைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

நடுவில் தரை. "இந்தத் தரைக்கு இன்னும் நூறு வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது மேடம்" என்று சொல்லி, அதை நிரூபிக்க நான் ஓங்கி மிதித்த அதே தரை.

முதலில் வலி தெரியவில்லை. இடது காலில் செருப்பு இல்லை என்பது மட்டும் தெரிந்தது. அது எங்கே போனது என்பதைக் கீழேயிருந்து ஒரு குரல் சொன்னது.

"ஐயையோ, சாம்பாருக்குள்ள செருப்பு!"

பிறகு அதே குரல், இன்னும் பக்கத்தில்.

"யாரு காலு இது? மஞ்ச சாக்ஸு போட்டிருக்கு. இந்த டவுன்ல மஞ்ச சாக்ஸு போடுற ஆளு டிராயிங் சார் ஒருத்தருதானே?"

"நான்தான் அக்கா" என்றேன். கமிட்டித் தலைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியிருந்தது. ஏதோ அவரைத்தான் நான் அக்கா என்று கூப்பிட்டதுபோல் ஆகிவிட்டது.

சென்னையிலிருந்து வந்திருந்த அந்தக் கட்டடக்கலை மேடத்துக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "அசையாதீங்க சார்" என்றார். அசைவதற்கு என்னிடம் அப்போது இரண்டு கைகளும் ஒரு கழுத்தும் மட்டுமே பாக்கி இருந்தன.

கோபுரம் பார்க்காதவன்

அந்தத் தரைக்குள் நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பின்னால் போவது எனக்குச் சிரமமில்லை. முன்னால் போகும்போதுதான் விழுகிறேன்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரன். எங்கள் தெருமுனையில் பல நூறு வருஷத்துக் கோயில் ஒன்று இருந்தது. அதன் கல்தூண்களில் என்னென்னவோ செதுக்கியிருப்பார்கள். இருபத்து மூன்று வயது வரை அந்தத் தூண்களில் நான் செய்த ஒரே காரியம் சாய்ந்து நிற்பது. விபூதி மிஞ்சினால் அவற்றில் தடவுவதும் உண்டு.

பிறகு அந்தமானில் அரசாங்கக் கட்டட இலாகா ஒன்றில் படம் வரைபவனாக வேலை கிடைத்தது. கப்பலில் வந்த நாளெல்லாம் வாந்தி. இறங்கியதும் ஜெயில் என்ன, அபர்டீன் பஜார் என்ன, எதுவும் கண்ணில் படவில்லை. எலுமிச்சம்பழம் எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்டேன்.

அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் வரைந்தேன். என்ன வரைந்தேன் என்று யாராவது கேட்டால், "பல முக்கியமான கட்டடங்கள்" என்று சொல்வது வழக்கம். என் மனைவி மல்லிகா பக்கத்தில் இருந்தால் அதைத் திருத்திவிடுவாள்.

"கக்கூஸுங்க. தீவு பூரா இவுக வரைஞ்ச கக்கூஸுதான்."

அவள் சொல்வதில் பொய் இல்லை. குவார்ட்டர்ஸ் கழிப்பறை, பள்ளிக்கூடக் கழிப்பறை, ஜெட்டிப் பயணிகள் கழிப்பறை. நடுநடுவே ஒரு கல்வெர்ட். கல்வெர்ட் என்றதும் கல்லில் வெட்டிய எழுத்து என்று நினைத்துவிட வேண்டாம், ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற சிறு பாலம்.

ஓய்வு பெற்ற பிறகு போர்ட் பிளேர் ஓரத்து டாலிகஞ்சில் வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குச் சரித்திரம் பிடித்தது. சிலருக்கு சர்க்கரை வரும் வயது அது. எனக்கு இரண்டும் வந்தன.

அடுக்கடுக்காய் ஒரு ஊர்

போர்ட் பிளேருக்கு இப்போது பெயர் ஸ்ரீ விஜயபுரம். பலகைகள் மாறிவிட்டன. கப்பலில் டிக்கெட் கேட்கும் வாய்கள் இன்னும் மாறவில்லை. என் வாயும்தான்.

ஊரே அப்படித்தான். ஒரு பெயரின்மேல் இன்னொரு பெயர், ஒரு சுவரின்மேல் இன்னொரு சுவர்.

எதிரே ராஸ் தீவில் வெள்ளைக்காரர்கள் கட்டிய மாதா கோயிலை இன்று ஆலமர வேர்கள்தாம் தாங்கிப் பிடித்திருக்கின்றன. வேரைப் பிடுங்கினால் சுவர் விழும், சுவரை இடித்தால் மரம் விழும். இப்படி இணைபிரியாமல் இருப்பதை நான் தம்பதிகளிடம்கூட அதிகம் பார்த்ததில்லை.

இந்தக் கரையில் கைதிகள் செங்கல் அடுக்கிக் கட்டிய ஜெயில். அதை அடுத்து அவர்களுடைய வாரிசுகள் மரத்தால் கட்டிய வீடுகள். லோக்கல் பார்ன் என்று இங்கே சொல்வோம், இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். அந்த வீடுகளின் கூரை ஓரத்தில் பர்மாக்காரத் தச்சர்கள் சரிகைக்கரைபோல் பலகையைக் குடைந்துவைத்திருப்பார்கள். கடலோரம் பூராவும் ஜப்பான்காரன் விட்டுப்போன பங்கர்கள், மண்ணுக்குள் பாதி புதைந்து, பீரங்கி இருந்த ஓட்டை வழியாகக் கடலை முறைத்துக்கொண்டிருக்கின்றன. அதற்கப்புறம் வங்காளி, ராஞ்சிக்காரர், தெலுங்கர், மலையாளி, நாம் என்று வந்தவர்கள் ஆளுக்கொரு கோயிலும் ஆளுக்கொரு டீக்கடையும் கட்டினோம். கடைசியில் சுனாமி வந்து கீழே இருந்ததையெல்லாம் மேலே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனது.

இதையெல்லாம் கொட்டி நான் ஒரு துண்டுப் பிரசுரம் அடித்தேன். தலைப்பு: 'புராதனக் கடற்கரை நகரம் – ஒரு ஞாயிறு நடை'. புராதனம் என்ற சொல்லுக்கு மல்லிகா ஆட்சேபம் தெரிவித்தாள்.

"நம்ம ஊரு கோயிலுக்கு முன்னால இது நேத்துப் பொறந்த புள்ளயில்லா? என்னத்துக்கு இப்பிடி அளக்கீக?"

நானும் விடவில்லை. இந்தத் தீவுகளின் ஆதி மக்கள் சாப்பிட்டுப் போட்ட சிப்பிகள் குன்றுகுன்றாகக் குவிந்து கிடக்கின்றன என்றும், அவற்றின் வயது ஆயிரக்கணக்கில் என்றும், ஆகவே இது புராதனம்தான் என்றும் வாதாடினேன். வாதத்தில் ஜெயித்தேன். ஆனால் என் நடையில் அந்தச் சிப்பிக்குன்று எதுவும் கிடையாது. நாங்கள் போகிற பாதையில் சிப்பி இருந்தது மீன் மார்க்கெட்டில் மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை அழைத்துப்போனேன். மேட்டில் ஒரு பாசிபிடித்த வட்டக் கட்டடம். "இது ஜப்பானியர் காலத்துக் கண்காணிப்புக் கோபுரம். இந்தச் சிறு துவாரம் வழியாகத்தான் எதிரிக் கப்பலைக் கவனிப்பார்கள்" என்று விளக்கினேன். அவர்கள் பயபக்தியோடு துவாரத்துக்குள் எட்டிப்பார்த்தார்கள். அன்று மல்லிகாவும் கூட வந்திருந்தாள். வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்.

"அது நீங்க வேலைக்குச் சேந்த வருசம் வரைஞ்ச தண்ணித் தொட்டி. கலியாணமான புதுசுல பெருமையாக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனீக. மறந்துபோச்சா?"

ஒரு வீட்டில் எல்லோரும்

என் நடையின் கடைசி நிறுத்தம் ராசம்மாக்காவின் மெஸ். அங்கே இட்லி சாப்பிடலாம் என்பது ஒரு காரணம். அந்த வீடு இன்னொரு காரணம்.

அபர்டீன் பஜாருக்குக் கீழே, கடலைப் பார்த்த சரிவில் இருந்தது. அடித்தளம் கைதிகள் காலத்துச் செங்கல். அதன்மேல் படாக் மரத்தில் சட்டங்கள். படாக் என்றால் நம் ஊர் வேங்கையின் தூரத்துச் சொந்தம், அறுத்தால் ரத்தச் சிவப்பாக இருக்கும். மாடி முகப்பில் பர்மாக்காரக் குடைவு வேலை. யுத்த காலத்தில் குண்டுச் சிதறல் பட்டு ஓட்டையான ஒரு மூலையில் மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி அடித்திருந்தார்கள். அதன்மேல் எழுபதுகளின் ஆஸ்பெஸ்டாஸ். பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த சிமெண்ட் கழிப்பறை சுனாமிக்குப் பிந்தையது. அதைப் பார்த்ததும் கை எனக்குத் தெரிந்த கைதான் என்று தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுச் சொந்தக்காரர் இஸ்மாயில் பாய். லோக்கல் பார்ன். வீட்டை இடித்துவிட்டு லாட்ஜ் கட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. நல்ல மனிதர். என் நடைக்கு வருகிறவர்களிடம்கூட, "தேக் லோ பாய், ஜல்தி தேக் லோ" என்பார். சீக்கிரம் பார்த்துக்கொள்ளுங்கள், இன்னும் கொஞ்ச நாள்தான் என்று அர்த்தம்.

மாடி காலியாகப் பல வருஷம் ஆகிவிட்டது. கீழே ராசம்மாக்கா குடியிருந்தார், மெஸ்ஸும் அங்கேயே. இலங்கை மலைத்தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் பெற்றோரோடு அனுப்பப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டி வளர்ந்தவர். சுனாமியில் கணவரை இழந்து, முகாமில் இருந்து, கடைசியில் இந்த வீட்டுக்கு வந்தவர். என்னைவிட நாலைந்து வயது குறைவுதான். ஆனால் ஊரே அக்கா என்பதால் நானும் அக்கா என்றேன். அவர் என்னை டிராயிங் சார் என்பார். நான் அதிகம் அளந்தால் 'தொரை' என்பார். தோட்டத்து மேனேஜரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். மரியாதைக்காக அல்ல என்பது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆயிற்று.

இந்த வீட்டைப் பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடமாக அறிவிக்க வேண்டும் என்று நான் மனு மேல் மனு போட்டேன். போகாத ஆபீஸ் இல்லை. கடைசியில் பார்வையிட ஒரு கமிட்டியும் வந்தது. ராசம்மாக்காவின் கூரையைக் காப்பாற்றப் போகிற பெருமிதத்தில் அன்று காலை புதுச் சட்டை போட்டுக்கொண்டேன். மகள் வாங்கி அனுப்பிய மஞ்சள் சாக்ஸையும்.

இழு, தள்ளு

கமிட்டியில் மேடத்தைத் தவிர இன்னும் இரண்டு பேர். இருவரும் என் அக்குளுக்குள் கைகொடுத்து இழுத்தார்கள். தோள் வந்தது. வயிறு வரவில்லை.

"கீழ இருந்து யாராச்சும் தள்ளினா நல்லாயிருக்கும்" என்றார் மேடம்.

"ஸ்டூல் போட்டு ஏறியிருக்கேன் மேடம்" என்று தரைக்கு அடியிலிருந்து ராசம்மாக்கா. "சார், கால மடக்காம நீட்டி வைங்க. ஒதைக்காதீங்க, பக்கத்துல எண்ணச் சட்டி கொதிக்கிது."

எண்ணெய்ச் சட்டி என்று கேட்டதும் என் உடம்பு தானாகவே ஒரு அடி உயர்ந்தது.

"இப்ப மூச்ச உள்ள இழுங்க. இழுத்தீங்களா? மேடம், இப்ப!"

மேலே இழுத்தார்கள், கீழே தள்ளினார். பேறுகாலம் பார்த்தவர்கள் சொல்வார்கள், தலை வந்துவிட்டால் மற்றது சுலபம் என்று. எனக்கு நடந்தது தலைகீழ். கடைசியில் நான் வெளியே வந்தபோது மேடமும் அந்த இருவரும் நானும் ஒரே குவியலாகக் கிடந்தோம். ஓட்டை வழியாக ராசம்மாக்காவின் முகம் தெரிந்தது. அவர் கண்ணில் நீர். அழுகிறார் என்று நினைத்து, "எனக்கு ஒண்ணுமில்ல அக்கா" என்று தேற்றினேன். அவர் வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு ஸ்டூலை விட்டு இறங்கிப் போனார். சுவருக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் தொடையிலிருந்து சிராய்களை எடுத்தார். ஒரு சிராய் படாக், ஒரு கீறல் மண்ணெண்ணெய்த் தகரம், ஒன்று ஆஸ்பெஸ்டாஸ் ஆணி. எது எந்தக் காலத்தது என்று நான் அவருக்கு விளக்கத் தொடங்கினேன். அவர் ஊசி போட்டார்.

சாட்சி

கமிட்டியின் அறிக்கை சீக்கிரமே வந்துவிட்டது. கட்டடம் ஆபத்தான நிலையில் உள்ளது, ஆட்கள் குடியிருக்கத் தகுதியற்றது, நேரடி ஆய்வின்போதே தளம் உடைந்தது. என் பெயரைப் போடவில்லை. 'உடனிருந்த ஒரு நபர்' என்று இருந்தது. வீட்டைக் காப்பாற்றப் போனவன், வீட்டுக்கு எதிரான ஒரே சாட்சியாக ஆகியிருந்தேன்.

வழியில் பார்த்த இஸ்மாயில் பாய் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஷுக்ரியா பாபு. ஆப் நே மேரா காம் ஆசான் கர் தியா."

என் வேலையைச் சுலபமாக்கிவிட்டீர்கள் என்கிறார். கிண்டலே இல்லை, மனதாரச் சொன்னார். கிண்டலாக இருந்திருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ராசம்மாக்காவைப் பார்க்கப் போக இரண்டு தடவை கிளம்பி, இரண்டு தடவையும் பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பினேன். மூன்றாம் தடவை மல்லிகா கூடவே வந்து என்னை மெஸ் வாசலில் நிறுத்திவிட்டுத்தான் காய்கறி வாங்கப் போனாள்.

மதியக் கூட்டம் முடிந்திருந்தது. ராசம்மாக்கா பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க எடுத்துவந்த வாக்கியங்களெல்லாம் இலக்கணச் சுத்தமாக இருந்தன. வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"இருங்க சார். தேத்தண்ணி ஊத்துறேன்."

"அக்கா, என்னாலதான்..."

"உங்களால என்ன? அந்தப் பலக போன மழைலயே உக்கிப் போச்சு. நீங்க விழாட்டி நான் விழுந்திருப்பேன். நான் விழுந்திருந்தா தள்ளி விட யாரு இருக்கா?"

டம்ளரை என் முன்னால் வைத்தார். எதிரே உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"டவுனுக்கு வெளிய, சிப்பிகாட்டுல, மக வீட்டுப் பக்கத்துல மருமகன் ஒரு துண்டு மேட்டு நெலம் தாறேன்னு சொல்றாப்புல. ஷீட் போட்டுக்கலாம்னு சொல்றாப்புல. எனக்கு வேணுங்கிறது அது இல்ல."

"வேற என்னக்கா?"

"சிலோன்ல இருந்து வாறப்ப ஒரு டிரங்குப் பொட்டி எங்க கையில. கச்சால்ல இருந்து வாறப்ப உடுத்தின சீல மட்டும். ஒரு பலகத் துண்டு, ஒரு கரண்டி மிஞ்சல. இப்ப மூணாவது தடவ எழும்பச் சொல்றாங்க. எழும்புறேன். வெறுங்கையோட போக ஏலாது சார் என்னால."

அந்த நேரம் பார்த்து இஸ்மாயில் பாய் உள்ளே வந்தார். எப்போது காலி செய்கிறீர்கள் என்று கேட்கத்தான் வந்திருப்பார், கேட்க வாய் வராமல் குடிக்கத் தண்ணீர் கேட்டார். ராசம்மாக்கா தண்ணீரைக் கொடுத்தார்.

"ஹம் ஜாயேகா பாய். லேகின் கர் பீ ஹமாரா சாத் ஜாயேகா."

நான் போகிறேன், வீடும் என்னோடு வரும். தீவின் இந்தி அது. ஆண்பால் பெண்பால் பார்க்காது, சொல்ல வந்ததைச் சொல்லிவிடும்.

பாய் தண்ணீரைப் பாதியில் நிறுத்தினார். "பூரா கர்?"

முழு வீடுமா என்று அவர் கேட்டபோது ராசம்மாக்கா என்னைப் பார்த்தார். என்ன தைரியமோ, நான் சொன்னேன்: மாடி வேண்டாம், கீழ்க்கட்டு மட்டும். ஆணியைவிட முளையும் பள்ளமுமாகக் கோத்த சட்டங்கள்தாம் அதிகம், பிரித்தால் பிரியும், கோத்தால் கோக்கும். நான் அடையாளம் போட்டுத் தருகிறேன்.

பாய் கூரையை அண்ணாந்து பார்த்தார். நான் விழுந்த ஓட்டை அங்கே தகரம் அடித்து மூடியிருந்தது.

"ஊப்பர் மேரா, நீச்சே ஆப்கா" என்றார். மேல் எனக்கு, கீழ் உங்களுக்கு. பிறகு கொஞ்ச நேரம் அந்தப் பலகைச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். "மேரி அம்மி இதர் பைதா ஹுயி தீ" என்று தனக்குத்தானே சொன்னார். அவருடைய அம்மா பிறந்தது அந்தக் கீழ்க்கட்டில்தான். அதை என் துண்டுப் பிரசுரத்தில் நான் போட்டிருக்கவில்லை. எனக்குத் தெரியவே தெரியாது.

எல்லும் ஆரும்

வாழ்நாளில் முதல்முறையாகக் கழிப்பறையும் கல்வெர்ட்டும் தண்ணீர்த் தொட்டியும் அல்லாத ஒன்றை வரைந்தேன். காலைத் தாங்கித் தாங்கி நடந்து, கீழ்க்கட்டின் ஒவ்வொரு சட்டத்தையும் அளந்தேன். படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கடல் பக்கத்துச் சுவரின் பெரிய ஜன்னல். இரட்டைக் கதவு, மேலே விசிறிபோல் விரியும் மரக்கிராதி. எதிர்ச் சுவர் வெறும் பலகை, பக்கத்துக் கட்டடத்தை ஒட்டியது.

சிப்பிகாட் நிலத்தையும் போய்ப் பார்த்தேன். மேட்டில் நின்றால் இடப்பக்கம் கீழே கடற்கழி மின்னியது, சுனாமிக்குப் பிறகு வயல்களுக்குள் ஏறிவந்து தங்கிவிட்ட தண்ணீர். வலப்பக்கம் பாக்குத்தோப்பு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வீட்டை அதே திசையில் நிறுத்தினால் அதே ஜன்னல் மறுபடியும் கடல்நீரைப் பார்க்கும்! ராசம்மாக்காவுக்கு இழந்த காட்சியை நான் திருப்பித் தரப்போகிறேன். இதைப் பற்றி மல்லிகாவிடம் இரவுச் சாப்பாட்டின்போது பேசினேன். அவள் மோர் ஊற்றிக்கொண்டு போய்விட்டாள்.

பிரித்துக் கோக்க நித்தாய் தா, அதாவது நித்தாய் அண்ணன், என்ற வங்காளித் தச்சரை ஏற்பாடு செய்தேன். தமிழ் எழுத்து அவருக்குப் புரியாது என்பதால் ஒவ்வொரு மரத்திலும் வெள்ளைப் பெயிண்டில் இங்கிலீஷ் எழுத்து போட்டேன். கடல் ஜன்னல் இருந்த இடச் சுவருக்கு எல், வலச் சுவருக்கு ஆர், பிறகு வரிசை எண். காட்டிலாகா பாஸ் வாங்கி, லாரியில் ஏற்றியாயிற்று. அந்தச் சமயம் பார்த்து மெயின்லேண்டில் மைத்துனர் மகள் கல்யாணம். போகாவிட்டால் மல்லிகா என்னைப் பிரித்து நம்பர் போட்டிருப்பாள்.

முகூர்த்த நேரத்தில் போன். நித்தாய் தா.

"பாபு, எல் கிதர்?" எல் எங்கே என்கிறார்.

"எல் மத்லப் லெஃப்ட்! லெஃப்ட்!" என்று கத்தினேன். கெட்டிமேளம் கொட்டிக்கொண்டிருந்தது.

அவர் இன்னும் ஏதோ கேட்டார். நாதஸ்வரத்தில் கேட்கவில்லை. "ஹாங், ஹாங், ஓயி" என்று ஆமாம் போட்டுவிட்டு அட்சதையைத் தூவினேன்.

அவர் கேட்டது, 'எங்கே நின்று பார்த்தால் லெஃப்ட்' என்று. நான் அடையாளம் போட்டது தெருவில் நின்று வீட்டைப் பார்த்தபடி. அவர் கோத்தது வீட்டுக்குள் நின்று வாசலைப் பார்த்தபடி. ஊர் திரும்பி சிப்பிகாட்டுக்கு ஓடினேன். வீடு ஜம்மென்று நின்றது. படாக் சட்டங்களுக்கு எண்ணெய் பூசியிருந்தார்கள். இடச் சுவரும் வலச் சுவரும் இடம் மாறியிருந்தன. விசிறிக் கிராதி போட்ட என் ஜன்னல் பாக்குத்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடற்கழி இருந்த பக்கம் ஒரு சந்துகூட இல்லாத பலகைச் சுவர்.

முப்பது வருஷம் படம் வரைந்தவனுக்கு இடது வலது தெரியவில்லை. நித்தாய் தாவிடம் இரண்டு சுவர்களையும் கழற்றி மாற்ற முடியுமா என்று கெஞ்சினேன். பால் காய்ச்சி முடித்ததும் பிரித்துவிடலாம் என்று அவர் பெருமூச்சு விட்டார்.

பால் பொங்கிய காலை

பத்து இருபது பேர்தான். ராசம்மாக்காவின் மகள் செல்வி கோலம் போட்டிருந்தாள். இஸ்மாயில் பாய் ஒரு பெரிய தேக்சாவில் பிரியாணி கொண்டுவந்து, அது புதுவீட்டுக்குச் சரிதானா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். ராசம்மாக்கா அவரை உள்ளே இழுத்தார். பால் பொங்கியதும் எல்லோரும் சாப்பிட முற்றத்துக்குப் போனார்கள்.

நான் ராசம்மாக்காவைத் தனியாகப் பிடித்தேன்.

"அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு. ஜன்னல் அந்தப் பக்கம் வரணும். தண்ணியப் பாத்த மாதிரி. பழைய வீட்டுல இருந்த மாதிரியே. ஒரே வாரம், கழட்டி மாத்திடுறோம்."

அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"யாரு மாத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல. ஆனா அதுதான் சரியான..."

"சார், டவுன்ல அந்த ஜன்னல் ஒரு நாளாவது தொறந்து பாத்திருக்கீங்களா?"

யோசித்தேன். அந்த ஜன்னலை உயரம், அகலம், கதவின் கனம், கிராதியின் இடைவெளி என்று அளந்தவன் நான். படத்தில் கதவுகளைத் திறந்துவைத்து, வெளியே இரண்டு அலைக்கோடுகூடப் போட்டிருந்தேன். மெஸ்ஸில் எத்தனை வருஷம் இட்லி சாப்பிட்டிருக்கிறேன். அது மூடியே இருந்தது என்பது அவர் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"கச்சால்ல எங்க லயத்து வீடு மேட்டுல. அவரு கரைக்கு எறங்கிப் போனாரு. பூமி ஆடிச்சில்ல, ஜெட்டிய பாத்துட்டு வாறேன்னுட்டு. நான் குசினி ஜன்னல்ல நின்னு பாத்துட்டே இருந்தேன். அவரு சட்ட தெரிஞ்சிச்சு. பெறகு தண்ணி தெரிஞ்சிச்சு." அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதுக்குப் பெறகு தண்ணிப் பக்கம் இருக்கிற ஜன்னல நான் தொறக்கல. டவுன்ல வேற ஜன்னலும் இல்ல. பொகயில சமச்சேன்."

கையிலிருந்த அளவு டேப்பை நான் சுருட்டிப் பைக்குள் போட்டேன்.

அவர் போய்ப் பெரிய ஜன்னலின் தாழ்ப்பாளை நீக்கினார். எண்ணெய்ப் பூச்சில் கதவுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. இருவரும் சேர்ந்து தள்ளினோம். படாரென்று திறந்தன. பாக்குத்தோப்பின் குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. கீழே ஒரு கோழி பதறி ஓடியது. பக்கத்து வீட்டு ஆடு எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. அடுப்புப் புகை மெல்லத் திரும்பி, ஜன்னல் வழியாகத் தோப்புக்குள் போயிற்று.

ராசம்மாக்கா ஜன்னல் கட்டையில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு வெளியே பார்த்தார். முற்றத்தில் செல்வி, "அம்மா, எல்லாரும் காத்திட்டிருக்காங்க" என்று கூப்பிட்டாள்.

"நீங்க தின்னுங்க" என்றார் அவர். "நான் இங்கன கொஞ்சம் நிக்கிறேன்."